யார் பயனர்? சிங்கப்பெருமாள் கோவில் – ஒரகடம் – திருப்பெரும்புதூர் தொழில் வழித்தடத்தில் பயனர் ஆய்வும் பொருளாக்கமும் (1996–2025)

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடையும் சாலையும், அதன் இரு முனைகளைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளும் கடந்த முப்பது ஆண்டுகளில் கார், லாரி, கைப்பேசி ஆகியவற்றின் பெரும் உற்பத்திக் களமாக வளர்ந்துள்ளன. இக்களத்தின் வரலாறு பெரும்பாலும் முதலீடு, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு ஆகிய அளவுகோல்களால் எழுதப்பட்டுள்ளது. இங்கு உருவான பொருள்கள் யாருடைய தேவையைக் கேட்டறிந்து வடிவம் பெற்றன என்ற கேள்வியை இக்கட்டுரை முன்வைக்கிறது. வாங்குபவரும் பயன்படுத்துபவரும் ஒருவராக இருந்த இடங்களில் பயனர் ஆய்வு விரைந்து பலன் தந்தது. இருவரும் வேறாக இருந்த இடங்களில் அது காலந்தாழ்ந்தது, அல்லது சட்டத்தின் வழியாகவே நிறைவேறியது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பயனர் ஆய்வு, பணிச்சூழலியல், ஒரகடம், கார்த் தொழில், கைப்பேசி, லாரி ஓட்டுநர், தொழிலாளர்

முன்னுரை

குடைவரைக் கோயிலில் எழுந்தருளியுள்ள பாடலாத்திரி நரசிம்மரால் பெயர் பெற்ற ஊர் சிங்கப்பெருமாள் கோவில். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரிலிருந்து மேற்கே பிரியும் மாநிலச் சாலை, ஒரகடத்தைக் கடந்து சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரைச் சேர்கிறது. வடக்கே அடுத்த ஊர் மறைமலை நகர். தெற்கே அடுத்து அமைந்தது பரனூர். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையும், பரனூரை ஒட்டி மகேந்திரா வேர்ல்டு சிட்டியும், ஒரகடத்தில் ரெனோ–நிசான், டெய்ம்லர் ஆலைகளும், திருப்பெரும்புதூரைச் சுற்றி ஹூண்டாய், நோக்கியா, ஃபாக்ஸ்கான், சாம்சங் ஆலைகளும் எழுந்தன. முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரு சாலை, இரு பெருஞ்சாலைகளின் தொழில்களை ஒன்றாக இணைத்தது.

இவ்வாலைகளுள் பலவற்றின் தாய் நிறுவனங்கள் வெளிநாட்டைச் சேர்ந்தவை. அவை கொண்டுவந்த பொருள்கள் வேறு தட்பவெப்பத்துக்கும் வேறு சாலைக்கும் வேறு வாழ்முறைக்கும் வடிவமைக்கப்பட்டவை. அவற்றை இங்குள்ள மக்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டிய தேவை முதல் ஆண்டுகளிலேயே எழுந்தது. அத்தேவையே இவ்வழித்தடத்தில் பயனர் ஆய்வுக்கு இடமளித்தது. பயன்படுத்துவோரை அவர்கள் வாழும் சூழலிலேயே கண்டும் கேட்டும் அறிந்து, அவ்வறிவைப் பொருளின் வடிவில் சேர்ப்பதே பயனர் ஆய்வு என இங்குக் கொள்ளப்படுகிறது.

1. சொல்லும் பொருளும்: வாங்குநர், நுகர்வோர், பயனர்

ஒரு பொருளோடு தொடர்புடைய மாந்தரைக் குறிக்கத் தமிழில் இன்று பல சொற்கள் வழங்குகின்றன. பணம் கொடுத்துப் பெறுபவர் வாங்குநர். சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர் நுகர்வோர். அரசுத் திட்டத்தால் பலன் பெறுபவர் பயனாளி. கணினித் தமிழின் வழியே பரவிய ‘பயனர்’ என்னும் சொல், பொருளைக் கையாள்பவரைக் குறிக்கிறது. இச்சொற்களை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வழங்கும் போக்கு எழுத்திலும் பேச்சிலும் காணப்படினும், இவை குறிக்கும் மாந்தர் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை.

வேற்றுமை மயங்கியலில் தொழிலுக்குரிய கூறுகளைத் தொகுக்கும் தொல்காப்பியர், செய்பவர், செயப்படுபொருள், கருவி முதலியவற்றோடு, ‘யாருக்காக’ என்பதையும் ‘எப்பயனுக்காக’ என்பதையும் தனித்தனிக் கூறுகளாக வைக்கிறார். ஒரு பொருளின் ஆக்கத்தை ஆராயும்போதும் இப்பகுப்பு துணைசெய்கிறது. செய்பவர் யார், யாருக்காகச் செய்யப்படுகிறது, என்ன பயனுக்காகச் செய்யப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வேறுபடலாம்.

இந்தியச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்து வாங்கியவரை மட்டுமன்றி அவருடைய இசைவோடு அப்பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என வரையறுத்தது. ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கப்படும் பொருளை அவ்வரையறையிலிருந்து விலக்கியது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக ஒருவர் தாமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த அமைப்பையே பின்பற்றியது. இதன்படி, சொந்த லாரியைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர் ஆகக்கூடும். பல லாரிகள் வைத்துத் தொழில் நடத்தும் முதலாளியிடம் கூலிக்கு ஓட்டுபவர் அவ்வரையறைக்குள் வருவதில்லை. இருவரும் அமர்வது ஒரே வகை இருக்கை. தாங்குவது ஒரே வெப்பம். இந்த இடைவெளியைப் பின்வரும் பகுதிகள் மீண்டும் சந்திக்கும்.

2. உழைப்பாய்விலிருந்து பயனர் ஆய்வுக்கு

பயனர் ஆய்வு கணினித் துறையில் தோன்றியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடர், 1990களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்டு நார்மன் வழியாகப் பரவியது உண்மையே. ஆயினும் அதன் வேர் உழைப்பைப் பற்றிய ஆய்வில் உள்ளது. போலந்து அறிஞர் வோய்ச்சேக் யாஸ்ட்செம்போவ்ஸ்கி 1857ஆம் ஆண்டில் ‘எர்கோனமிக்ஸ்’ என்னும் சொல்லைப் படைத்தபோது, வேலையின் அறிவியல் என்பதையே அதற்குப் பொருளாகக் கொண்டார். 1949ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பணிச்சூழலியல் ஆய்வுச் சங்கம் உருவானபோதும் உழைப்பவரும் அவருடைய பணிச்சூழலும் அதன் கவனத்தில் இருந்தனர்.

இத்துறையின் அடிப்படைப் பாடம் இரண்டாம் உலகப்போரில் கிடைத்தது. அமெரிக்காவின் பி–17 வகைக் குண்டுவீச்சு விமானங்களைத் தரையிறக்கிய விமானிகளுள் சிலர், இறக்கை மடிப்புகளை இயக்குவதற்கு மாறாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானி அறையை ஆராய்ந்து, இரு விசைகளும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்ததைக் கண்டார். சக்கர விசையின் முனைக்குச் சக்கர வடிவமும், மடிப்பு விசையின் முனைக்கு ஆப்பு வடிவமும் தரப்பட்டபின் தொட்டே வேறுபாடு உணர முடிந்தது. விமானியின் கவனக்குறைவு எனக் கருதப்பட்டது வடிவமைப்பின் குறையே என்பது தெளிவாயிற்று.

இந்தியாவில் இச்சிந்தனைக்கு நிறுவன வடிவம் தந்த ஆவணம், 1958ஆம் ஆண்டில் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை. அன்றாடம் புழங்கும் செம்பை அவர்கள் சிறந்த வடிவமைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், கையிலும் இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு பொருந்த வேண்டும், ஊற்றும்போதும் கழுவும்போதும் எவ்வாறு அமைய வேண்டும் என அவர்கள் அடுக்கிய வினாக்கள் யாவும் பயன்படுத்துபவரின் உடலையும் பழக்கத்தையும் சார்ந்தவை. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியரின் உடல் அளவுகளை வடிவமைப்பாளர்களுக்காகத் தொகுத்து தேபகுமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அந்நிறுவனம் 1997இல் வெளியிட்டது. அதே காலத்தில்தான் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் முதல் பெரிய கார் ஆலை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

3. பின்னிருக்கையை நோக்கிய கார்

மகேந்திராவும் ஃபோர்டும் 1995இல் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஐரோப்பாவில் விற்ற எஸ்கார்ட் காரை 1996இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தின. அது எதிர்பார்த்த இடத்தைப் பெறவில்லை. மறைமலை நகர் ஆலையிலிருந்து 1999இன் இறுதியில் வெளிவந்த ஐகான், இந்தியச் சந்தையை முன்வைத்து உருவாக்கப்பட்ட கார் என விளம்பரப்படுத்தப்பட்டது. ஃபியஸ்டாவின் அடித்தளத்தின்மேல் எழுந்த அக்காரில் செய்யப்பட்ட மாற்றங்களை வணிக இதழ்களும் பாடநூல்களும் பதிவு செய்துள்ளன. தலைப்பாகை அணிந்தோருக்காகத் தலைக்கு மேலுள்ள இடம் உயர்த்தப்பட்டது. சேலை உடுத்திய பெண்கள் எளிதில் ஏறி இறங்கப் பின்கதவுகள் அகலமாகத் திறந்தன. கடும் வெயிலுக்கு ஏற்பக் குளிர்சாதனம் வலுப்படுத்தப்பட்டது. பள்ளம் நிறைந்த சாலைக்காக அதிர்வுதாங்கிகள் உறுதியாக்கப்பட்டன. மழைக்காலத்தில் இயந்திரத்துக்குள் நீர் புகாதவாறு காற்று உள்வாங்கும் அமைப்பு மாற்றப்பட்டது.

ஹூண்டாயின் அனுபவமும் இதனோடு ஒத்தது. 1996 மே மாதத்தில் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை வெளியிட்டது. கொரியாவில் விற்ற ஏட்டோஸின் உயர்ந்த கூரை இந்தியக் கண்களுக்குப் புதிது. அதன் பின்புறத் தோற்றம் இந்தியப் பதிப்பில் மாற்றியமைக்கப்பட்டது. உயர்ந்த கூரை மட்டும் தக்கவைக்கப்பட்டது. முதலில் விசித்திரமாகத் தோன்றிய அவ்வுயரம், குனியாமல் ஏறி நிமிர்ந்து அமரும் வசதியைத் தந்ததால் பின்னர் அக்காரின் அடையாளமாகவே மாறியது. கண்ணுக்குப் பிடிக்காத ஒன்று உடலுக்குப் பிடித்துப்போகலாம் என்பதையும், படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பதற்கும் அமர வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இது காட்டுகிறது.

ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலையிலிருந்து 2012இல் வந்த டஸ்டர் இவ்வரிசையில் அடுத்தது. ஐரோப்பிய மூலத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இந்தியாவுக்காகச் செய்யப்பட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, பின்னிருக்கைக்கெனத் தனியே அமைந்த குளிர்காற்று வழி.

இம்மாற்றங்களை ஒருசேர நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. தலைப்பாகைக்கான உயரம், சேலைக்கான கதவு, பின்னால் வீசும் குளிர்காற்று ஆகியவற்றுள் பெரும்பாலானவை பின்னிருக்கையைச் சார்ந்தவை. இடைநிலை விலைக்கு மேற்பட்ட கார்களை வாங்கிய குடும்பங்களுள் பல சம்பளத்துக்கு ஓட்டுநரை அமர்த்தியிருந்தன. காரின் உரிமையாளரும் குடும்பப் பெரியோரும் பின்னால் அமர்ந்தனர். ஆய்வு வாங்குநரைப் பின்தொடர்ந்தது. அவர் அமர்ந்த இடத்தில் மாற்றங்கள் குவிந்தன. வாங்குநரும் பயனரும் ஒருவராக இருந்தமையால் கேட்கப்பட்டது கிடைத்தது. அதே காரில் நாள் முழுதும் முன்னிருக்கையில் அமர்ந்து, உரிமையாளர் இறங்கிய பின்னும் உள்ளேயே காத்திருக்கும் ஓட்டுநரின் முதுகும் உறக்கமும் இந்தியாவுக்கெனச் செய்த மாற்றங்களாகப் பறைசாற்றப்பட்டவற்றுள் இடம்பெறவில்லை.

4. பகிர்ந்து பயன்படும் கைப்பேசி

கைப்பேசியின் வரலாறு வேறு வகையான ஆய்வு முறையைக் காட்டுகிறது. இந்தியாவுக்கெனச் செய்யப்பட்டது என்னும் அறிவிப்போடு 2003இல் வெளிவந்த நோக்கியா 1100, தூசி புகாத விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள், டார்ச் விளக்கு ஆகிய மூன்றாலும் அறியப்பட்டது. மின்வெட்டு வழக்கமாக இருந்த ஊர்களில் டார்ச் விளக்கு ஆடம்பரம் அன்று. உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கும் மேல் விற்ற அக்கருவி, மின்னணுப் பொருள்களுள் மிகுதியாக விற்றவற்றுள் ஒன்றாக இன்றும் குறிக்கப்படுகிறது.

நோக்கியாவின் ஆய்வாளர் யான் சிப்சேஸும் அவருடைய குழுவினரும் ஆசிய, ஆப்பிரிக்க நகரங்களின் தெருக்களில் மக்கள் கைப்பேசியை எங்கே வைத்திருக்கிறார்கள், எவ்வாறு பழுது பார்க்கிறார்கள், யாரோடு பகிர்கிறார்கள் என்பதை நேரில் கண்டு பதிவு செய்தனர். 2007இல் மும்பையின் தாராவி, ரியோ டி ஜனேரோவின் ஜகரெசின்யோ, கானாவின் புடுபுராம் ஆகிய குடியிருப்புகளில், மக்களையே தமக்கு வேண்டிய கைப்பேசியை வரைந்து காட்டச் செய்யும் திறந்த பட்டறைகளும் நடத்தப்பட்டன. ஒரு கருவிக்கு ஓர் உரிமையாளர் என்னும் ஐரோப்பிய முன்முடிவு இக்களப்பணியில் உடைந்தது. குடும்பத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என ஒரே கைப்பேசி பலர் கையில் புழங்கியது. 2007இல் அறிமுகமான நோக்கியா 1200, ஐந்து பேர் வரை தனித்தனியே தம் எண்களைச் சேமிக்கும் ஏடுகளையும், அழைப்பின் நேரத்தையும் செலவையும் கணக்கிடும் வசதியையும் பெற்றிருந்தது. ஒரு ரூபாய் நாணயப் பேசி வைத்த பெட்டிக்கடையின் கணக்கு முறை, கைக்குள் அடங்கும் கருவிக்குள் நுழைந்ததாக இதனைக் கொள்ளலாம்.

இத்தகைய எளிய கைப்பேசிகள் பெரிய அளவில் உற்பத்தியாவதற்கென 2005இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்து, 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. இளம் பெண்கள் பெருமளவில் பணிபுரிந்த அவ்வாலை 2014 நவம்பர் 1ஆம் நாள் நின்றது. தொடுதிரைக் கைப்பேசிகளின் எழுச்சியும், வரி வழக்கும், மைக்ரோசாஃப்டுக்கு நடந்த கைமாற்றத்திலிருந்து இவ்வாலை விடுபட்டதும் அதற்குக் காரணங்களாயின. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலும் 2022 ஜூலையில் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. பயனரை நன்கறிந்த பொருள்களை ஆக்கிய நிறுவனங்களும் வீழக்கூடும். பயனர் ஆய்வு வெற்றிக்கு ஒரு நிபந்தனையே அன்றி உறுதிமொழி அன்று.

5. கேட்டுப் பெற முடியாதவை

பயனரிடம் கேட்பதால் மட்டும் அறிய முடியாத தேவைகளும் உண்டு. ஒரகடத்தில் ஆக்கப்பட்ட டட்சன் கோ 2014இலும், ரெனோ க்விட் 2016 மே மாதத்திலும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. விலை, எரிபொருள் சிக்கனம், தோற்றம் ஆகியவற்றில் முதல்முறை கார் வாங்குவோரின் விருப்பத்தை அறிந்து உருவாக்கப்பட்ட கார்கள் இவை. மோதலை யாரும் விற்பனைக் கூடத்தில் அனுபவித்துப் பார்ப்பதில்லை. சொல்லப்படும் விருப்பத்துக்கும் உயிர் காக்கும் தேவைக்கும் இடையிலான இவ்விடைவெளியை இந்தியாவில் நிரப்பியது சட்டமே. மோதல் சோதனைத் தரங்கள் 2017 அக்டோபர் முதல் புதிய வகைகளுக்கும் 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில் கட்டாயமாயிற்று. பாரத் என்கேப் தரமதிப்பீடு 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

தரமதிப்பீட்டின் விளைவு வேறொரு வகையிலும் கருதத்தக்கது. காண முடியாத பாதுகாப்பை நட்சத்திரங்களாக்கிக் காண வைத்ததன் மூலம், வாங்குநர் கேட்கக்கூடிய ஒன்றாக அது அதனை மாற்றியது. கேட்பதற்கான மொழி கிடைத்தபின்னரே கேள்வி பிறக்கிறது.

6. வாங்குபவரும் ஓட்டுபவரும்

வாங்குநரும் பயனரும் முற்றிலும் பிரிந்து நிற்கும் களம் லாரித் தொழில். தமிழ்நாட்டில் இதற்குத் தனி வரலாறு உண்டு. நெடுங்காலம் ஆலைகள் இயந்திரமும் அடிச்சட்டமும் கொண்ட வண்டியையே விற்றன. கேபினும் பின்பெட்டியும் நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் வட்டாரப் பட்டறைகளில் கட்டப்பட்டன. பாடி கட்டும் பட்டறையில் உரிமையாளரும் சில வேளை ஓட்டுநரும் ஆசாரியின் அருகே நின்று, படுக்கைப் பலகை எங்கே, சாமிப் படம் எங்கே, சமையல் சாமான் வைக்கும் பெட்டி எங்கே எனச் சொல்லிச் செய்வித்தனர். வடிவமைப்பவரும் பயன்படுத்துபவரும் நேரில் பேசிக்கொண்ட முறை அது. பயனர் ஆய்வு என்னும் பெயர் இல்லாமலே அதன் ஒரு பகுதி அங்கு நிகழ்ந்தது. ஆனால் அம்முறையில் மோதலைத் தாங்கும் வலிமைக்கோ வெப்பத் தடுப்புக்கோ உறுதியான தரம் இல்லை. பணம் தருபவரின் சொல்லே இறுதியானது.

ஆலையிலேயே முழுமையாக்கப்பட்ட கேபின் பரவியபோது இந்நிலை மாறியது. டெய்ம்லர் நிறுவனம் இந்தியாவுக்கென 2011இல் அறிவித்த பாரத்பென்ஸ் லாரிகள், 2012 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஒரகடம் ஆலையில் உருவாயின. மூலவடிவங்கள் டெய்ம்லரின் ஜெர்மானிய, ஜப்பானியக் கிளைகளிலிருந்து வந்தன. இந்தியச் சாலையும் சுமையும் விலையும் கருதி அவை மாற்றியமைக்கப்பட்டன. கேபினின் தரம் உயர்ந்தது. ஆயினும் குளிர்சாதனம், இந்தியச் சந்தை முழுவதிலும், வாங்குநர் விரும்பினால் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் வசதியாகவே நெடுங்காலம் நின்றது. எரிபொருளுக்கும் சுங்கத்துக்கும் கணக்குப் பார்க்கும் உரிமையாளர், தாம் அமராத கேபினுக்குச் செலவு செய்யத் தயங்குவது இயல்பே. கருத்தாய்வு அவரிடம் நடத்தப்படின், அவருடைய விடை நேர்மையானதாகவே இருக்கும். ஓட்டுநருக்கு மட்டும் அது உதவாது.

ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கை இந்நிலையை மாற்றியது. 2025 அக்டோபர் 1ஆம் நாள் முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபின்களில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. செலவு உயரும் என்னும் எதிர்ப்பு இருந்ததைச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஐகான் காரின் குளிர்சாதனம் இந்திய வெயிலுக்கென வலுப்படுத்தப்பட்டது 1999இல். அதே வெயிலில் ஓடும் லாரியின் ஓட்டுநருக்கு அது உறுதியானது 2025இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டைத் தொழில்நுட்பக் குறைவால் விளக்க இயலாது. தேவை அறியப்படாமல் இருந்தது எனவும் சொல்ல இயலாது. தேவையுடையவரிடம் வாங்கும் உரிமை இல்லாமையே அதற்குக் காரணம்.

7. உற்பத்தி வரிசையின் பயனர்

பயனர் என்னும் சொல்லின் எல்லையை மேலும் ஒரு படி விரித்தால், பொருளை ஆக்குபவரும் அதற்குள் வருகிறார். உற்பத்தி வரிசையின் மேசை உயரம், கருவியின் எடை, நிற்கும் நேரம், ஆலைப் பேருந்து, விடுதி, உணவுக்கூடம் ஆகிய யாவும் தொழிலாளர் பயன்படுத்தும் பொருள்களும் சேவைகளுமே. பணிச்சூழலியல் தோன்றியதே இவர்களுக்காக என்பது இரண்டாம் பகுதியில் கூறப்பட்டது. நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு, வாய்ப்புள்ள நேரத்தில் அமர இருக்கை தரப்பட வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் விதித்திருந்தது.

2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் அருகே ஐபோன்களை ஒருங்கிணைக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் ஒப்புக்கொண்டு அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது. கைப்பேசியின் அட்டைப்பெட்டி திறக்கும் விதத்தையும் நுணுகி ஆராயும் நிறுவனமாக ஆப்பிள் அறியப்படுகிறது. அந்த நுணுக்கம், அக்கைப்பேசியை ஒருங்கிணைத்தவர் உறங்கிய அறைக்கு எட்டவில்லை என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. விமானி அறையில் சப்பானிஸ் செய்ததைப் போல, குறை நேருமுன் விடுதியை உற்று நோக்கியிருந்தால் மறியலுக்குத் தேவை எழுந்திருக்காது.

2024 ஆகஸ்டில் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே உள்ள வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பு, தொழிற்கட்டமைப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படத் தொடங்கியதன் அடையாளம் இது. அக்கட்டடத்தின் வடிவமும் விதிமுறைகளும் அங்கு வாழ்வோரைக் கேட்டு எந்த அளவுக்குத் திருத்தப்படுகின்றன என்பதே இனி எழும் கேள்வி. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவருக்கு வேண்டிய திரைச்சீலை, ஊருக்குப் பேச வேண்டிய தனிமை, விடுமுறை நாளில் வெளியே சென்று திரும்பும் உரிமை ஆகியவை, பின்னிருக்கைக் குளிர்காற்றைப் போலவே, கேட்டால் மட்டுமே தெரியவரும் தேவைகள்.

8. ஆய்வு இடம்பெயர்தல்

முதல் பத்தாண்டுகளில் இவ்வழித்தடம் பெரும்பாலும் உற்பத்திக் களமாக மட்டுமே இருந்தது. பொருளின் வடிவம் டெட்ராய்ட், சியோல், பாரிஸ் போன்ற நகரங்களில் முடிவாயிற்று. பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. ரெனோ–நிசானின் தொழில்நுட்ப மையம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் அமைந்தது. 2012இல் அதே வளாகத்தில் மகேந்திரா ரிசர்ச் வேலி திறக்கப்பட்டது. ஒரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையம் உருவாயிற்று. சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் வடிவமைப்பாளர், சோதனையாளர், உற்பத்தித் தொழிலாளர், லாரி ஓட்டுநர் ஆகிய நால்வகையினரும் இன்று வாழ்கின்றனர். கடல் கடந்து களப்பணிக்கு வரவேண்டிய நிலை மறைந்தது. எனினும் அண்மை மட்டுமே அறிமுகத்தை உண்டாக்குவதில்லை. ஆலை வாயிலில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் ஓட்டுநர், உள்ளே கேபினை வரையும் பொறியாளரிடமிருந்து ஒரு மதில் தொலைவிலேயே இருக்கிறார். அவருடைய சொல் அம்மதிலைக் கடக்க ஒரு முறை வகுக்கப்பட வேண்டும்.

முடிவுரை

இக்கட்டுரையின் ஆய்வு மூன்று முடிபுகளைத் தருகிறது.

முதலாவது, இவ்வழித்தடத்தில் வெற்றி பெற்ற பொருள்களின் சிறப்பியல்புகளுள் பல, பயனரின் உடல், உடை, தட்பவெப்பம், பகிர்வுப் பழக்கம் ஆகியவற்றை நேரில் அறிந்ததன் விளைவு. ஐகானின் கதவும், சான்ட்ரோவின் கூரையும், நோக்கியாவின் டார்ச் விளக்கும் இதற்குச் சான்றுகள்.

இரண்டாவது, ஆய்வின் கவனம் வாங்கும் ஆற்றலின் வழியே சென்றது. வாங்குநரும் பயனரும் ஒருவராக இருந்தபோது சில ஆண்டுகளில் கிடைத்த வசதி, இருவரும் வேறாக இருந்தபோது கால் நூற்றாண்டு தாமதமாயிற்று. அவ்விடங்களில் சட்டமும் தொழிலாளர் போராட்டமும் பயனர் ஆய்வு செய்திருக்க வேண்டிய பணியைச் செய்தன.

மூன்றாவது, பயனரிடம் கேட்பது போதுமானதன்று. மோதல் பாதுகாப்பைப் போன்ற தேவைகளை உற்றுநோக்கலும் சோதனையும் பொதுத் தரமும் சேர்ந்தே வெளிப்படுத்தும்.

இவ்வரலாற்றின் எழுதப்படாத பகுதி தமிழிலேயே உள்ளது. பாடி கட்டும் பட்டறைகளின் ஆசாரிகள், நெடுந்தூர ஓட்டுநர்கள், நோக்கியா ஆலையில் பணியாற்றி வேறு தொழில்களுக்குச் சென்ற பெண்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகள் தொகுக்கப்பட வேண்டும். தாம் புழங்கும் கருவிகளுக்கும் அவற்றின் குறைகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் தனியே பதிவு செய்யப்பட வேண்டும். அச்சொற்களை அறியாத வடிவமைப்பாளர், அவை சுட்டும் வலியையும் அறிய முடியாது. தமிழியல் ஆய்வும் பொருள் வடிவமைப்பும் சந்திக்கும் களம் அதுவே. அக்களத்தில் யார் பயனர் என்னும் வினாவுக்கு, விலைச்சீட்டில் உள்ள பெயரை மட்டும் விடையாகக் கொள்ளாத ஆய்வே நல்ல பொருளுக்கும் நியாயமான பொருளுக்கும் ஒருசேர வழிவகுக்கும்.